ஸ்க்விட் ப்ராக்ஸி: வாசலில் நிற்கும், கணக்கு எழுதாது

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 எம்பி, அதுக்கு மேல போனா நிறுத்திடு" என்று மேலாளர் சொன்னபோது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர், எல்லோருக்கும் ஒரே இணைப்பு. அதில் இரண்டு மூன்று பேர் காலையில் வந்ததுமே பெரிய பெரிய ஃபைல்களை இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள், மற்றவர்கள் மெயில் திறக்கவே சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருடைய இணையக் கோரிக்கைகளும் கடந்து போகும் வாசல் மென்பொருளான ஸ்க்விட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கான்ஃபிக் ஃபைலில் எங்கேயாவது தினசரி அளவு என்று ஒரு வரி இருக்கும், எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு வரியே கிடையாது. ஆயிரக்கணக்கான வரி விளக்கக் குறிப்போடு வரும் ஃபைல் அது, வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது, ஒரு ஃபைலின் அளவைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நேரம் பிரிக்க வழி இருக்கிறது. ஒரு ஆள் இன்றைக்கு மொத்தமாக எவ்வளவு இழுத்தார் என்பதை மட்டும் ஸ்க்விட் தானாகக் கூட்டி வைத்துக்கொள்வதில்லை. கூட்டுவதும் நிறுத்துவதும் நம் வேலை. அந்த அரை மணி நேர வேலை எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் ஸ்க்விட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்லதும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது, எரிச்சலில் பாதி என் தப்பு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்க்விட் 1996 முதல் இருக்கிற, இலவசமாகக் கிடைக்கிற திறமூல ப்ராக்ஸி, அதாவது நமக்குப் பதிலாகத் தளங்களிடம் கேட்டு வாங்கித் தரும் இடையாள். ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்தின் கேஷ் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. சாதாரணமாக 3128 போர்ட்டில் (கம்ப்யூட்டரில் எண் போட்ட வாசல் மாதிரி) உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரே பக்கத்தைப் பத்துப் பேர் பார்த்தால் ஒருமுறை மட்டும் வெளியிலிருந்து எடுத்து மற்ற ஒன்பது பேருக்குத் தன் கையிலிருந்தே கொடுப்பதுதான், அதாவது கேஷ் செய்வதுதான், அதன் பெருமை. இப்போது கிட்டத்தட்ட எல்லாத் தளமும் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதால் உள்ளே என்ன போகிறது என்றே அதற்குத் தெரியாது, கேஷ் செய்ய ஒன்றும் பெரிதாக மிஞ்சுவதில்லை. கேஷுக்காகத்தான் ஸ்க்விட் போடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். யார் போகலாம், எங்கே போகலாம், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதற்காக என்றால் இன்றைக்கும் போடலாம்.

முதலில் கோளாறு பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஸ்க்விட்டுக்கு நான் முழு மார்க் போடுவேன். எந்தப் பிரச்சினை வந்தாலும் லாகில், அதாவது ஸ்க்விட் எழுதி வைக்கும் பதிவேட்டில், பதில் இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அக்சஸ் லாகில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். முதலில் நேரம், பத்து இலக்க எண்ணும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமும். அடுத்து 1843221, அதாவது அந்தக் கோரிக்கை எத்தனை மில்லி விநாடி எடுத்தது, இங்கே சுமார் முப்பது நிமிடம். அடுத்து கேட்ட கம்ப்யூட்டரின் ஐபி முகவரி. அடுத்து டிசிபி டனல், சாய்வுக்கோடு, 200. டனல் என்றால் ஸ்க்விட் உள்ளே பார்க்காமல் அப்படியே கடத்திவிடும் எச்டிடிபிஎஸ் வழி, 200 என்றால் சரி. அடுத்து 734118406, அனுப்பிய பைட்டுகள், எழுபத்து மூன்று கோடிக்கு மேல், எம்பி கணக்கில் சுமார் 700. பிறகு கனெக்ட் என்ற சொல், தளத்தின் பெயரும் 443 என்ற போர்ட்டும், பயனரின் பெயர், எங்கே நேராகப் போய் எடுத்தது என்பது. இந்த ஒரு வரியில் யார், எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று எல்லாமே இருக்கிறது. தளத்தில் எந்த ஃபைல் என்பது மட்டும் இல்லை, அது டனலுக்குள் மறைந்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்களைப் பயமுறுத்துவது 407. லாக் முழுக்க டினைட், 407 என்று வரி வரியாக வரும், உடனே பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்று ஓடுவோம். நானும் ஓடினேன். பிரவுசர் முதல் முறை பெயர் பாஸ்வேர்டு இல்லாமல்தான் கேட்கும், ஸ்க்விட் 407 சொல்லி 'நீ யார்' என்று கேட்கும், பிரவுசர் பெயரோடு திரும்பி வரும், அடுத்த வரி 200. இது இயல்பு. ஒரே ஆளுக்கு 407 மட்டுமே தொடர்ந்து வந்து 200 வரவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டைப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். தானாக அப்டேட் ஆகும் மென்பொருள்கள் சிலவற்றுக்கு ப்ராக்ஸியில் பாஸ்வேர்டு கேட்பார்கள் என்பதே தெரியாது, அவை நாள் முழுக்க 407 வாங்கிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு விதி எழுதிப் பாஸ்வேர்டு இல்லாமல் விட்டுவிடுவதுதான் வழி. (பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் சாதாரண முறையில் அவை ப்ராக்ஸி வரை மறைப்பே இல்லாமல்தான் போகும், எழுத்து மாற்றி வைத்திருப்பார்கள், யாரும் திருப்பிப் படித்துவிடலாம். அதனால் மெயிலுக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டையே இதற்கும் கொடுக்க வைக்காதீர்கள்.)

403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற மறுப்பு, வந்தால் விதிகளின் வரிசையைப் பாருங்கள். ஸ்க்விட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துவது எதுவோ அதோடு நின்றுவிடும், கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. ஒரே வரியில் இரண்டு நிபந்தனை எழுதினால் இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும், தனித்தனி வரியில் எழுதினால் ஏதாவது ஒன்று போதும். இதைக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தும், அளவு தாண்டியவர்களை நிறுத்தும் விதியை, உள் நெட்வொர்க்கை அனுமதிக்கும் விதிக்குக் கீழே எழுதி வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க யாருமே ஏன் நிற்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்த ஆள் நான்தான். எல்லோரும் மேல் விதியிலேயே உள்ளே போய்விட்டார்கள், கீழே நான் வைத்த காவலுக்கு ஆளே வரவில்லை. இன்னொன்று, ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்று யாராவது வந்தால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். ஸ்க்விட்டோடு வரும் கான்ஃபிக்கில் டனல் போட 443க்கு மட்டும்தான் அனுமதி. அந்தத் தளம் 8443 இல் ஓடினால் 403தான்.

எல்லாம் மெதுவாக இருக்கிறது, ஆனால் இணைப்பு சும்மாத்தான் கிடக்கிறது என்றால் இரண்டு இடம். ஒன்று டிஎன்எஸ், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது. ஸ்க்விட் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறதோ அது சோம்பேறியாக இருந்தால் ஒவ்வொரு புதுத் தளமும் சில விநாடி தொங்கி நின்றுவிட்டுத்தான் திறக்கும், திறந்த பிறகு வேகமாக இருக்கும். புது வகை ஐபி முகவரியான ஐபிவி6 பாதி வேலை செய்யும் நெட்வொர்க்கிலும் இதே மாதிரி தொங்கும். பழைய பதிப்புகளில் பழைய வகையான ஐபிவி4ஐ முதலில் பார் என்று சொல்ல ஒரு வரி இருந்தது, 5 ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், பழைய கான்ஃபிக்கை அப்படியே தூக்கி வைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இரண்டாவது, கேஷ் லாகில் ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல், இணைப்புகளின் எண்ணிக்கை) தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். பல இடங்களில் இது 1024 என்று இருக்கும். ஒவ்வொரு டனலுக்கும் பயனர் பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு செலவாகும், ஆக சுமார் ஐநூறு டனல். ஒரு பிரவுசரே பத்து டேப் திறந்தால் டஜன் கணக்கில் டனல் போடும், நாற்பது பேருக்கு ஐநூறு எம்மாத்திரம்? ஸ்க்விட் கான்ஃபிக்கிலும் உயர்த்த வேண்டும், அதைத் தொடங்கும் சர்வீஸின் வரம்பையும் உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று திட்டக்கூடாது.

அப்புறம் டிஸ்க். லாக் எழுத இடம் இல்லாவிட்டால் ஸ்க்விட் லாகை விட்டுவிட்டு வேலையைப் பார்க்காது, தானே விழுந்துவிடும். எழுத முடியாத பதிவை விட்டுவிடு என்று மாற்றிச் சொல்லவும் முடியும், ஆனால் சும்மா விட்டால் விழுவதுதான் வழக்கம். லாகைத் தினமும் சுழற்றி வையுங்கள். கான்ஃபிக் மாற்றினால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், பார்ஸ் கட்டளை கொடுத்துப் பிழை இருக்கிறதா பார்த்துவிட்டு ரீகான்ஃபிகர் கொடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று அது முப்பது விநாடி வரை காத்திருக்கும், அதற்குள் நாற்பது பேரில் நான்கு பேர் உங்கள் மேஜைக்கு வந்துவிடுவார்கள்.

சரி, அளவுக்கு வருவோம்.

முதலில் நான் தப்பாகப் புரிந்துகொண்டது ரிப்ளை அளவு வரம்பு. இத்தனை எம்பிக்கு மேல் பெரிய பதில் வந்தால் விடாதே என்று சொல்வது அது. இது ஒரு ஃபைலுக்கான வரம்பு, ஒரு நாளுக்கானது இல்லை. 50 எம்பி என்று வைத்தால் 49 எம்பி ஃபைலை நூறு முறை இழுக்கலாம். போதாக்குறைக்கு எச்டிடிபிஎஸ் டனலுக்குள் ஒரு பதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்க்விட்டுக்குத் தெரியாததால் இன்றைய இணையத்தில் இதற்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறுவி டனலை உடைத்துப் பார்க்கலாம், முடியும், ஆனால் நாற்பது பேரின் வங்கி பாஸ்வேர்டும் என் சர்வர் வழியாகத் திறந்து மூடப்படுவதை நான் விரும்பவில்லை. அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்.

அடுத்தது டிலே பூல். இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியின் கொள்ளளவு ஓர் எண், விநாடிக்கு எவ்வளவு நிரம்பும் என்பது இன்னோர் எண். வாளியில் இருக்கும் வரை முழு வேகம், காலியானால் நிரம்பும் வேகத்தில்தான் சொட்டும். ஐந்து வகுப்பு இருக்கிறது, முதல் வகுப்பு எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாளி, நான்காவது வகுப்பில்தான் பயனர் பெயருக்கு ஒரு வாளி, ஐந்தாவது நாம் ஒட்டும் அடையாளத்துக்கு ஒரு வாளி. எண்கள் எல்லாம் பைட், பிட் இல்லை. இணைப்பு வேகத்தைப் பிட்டில் சொல்லிப் பழகியவர்கள் எட்டால் வகுக்க மறந்துவிட்டு வரம்பு வேலை செய்யவில்லை என்பார்கள்.

இதை வைத்துத் தினசரி அளவு போல ஒன்றைச் செய்யலாம் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு நாளில் 86400 விநாடி. வாளி 50 கோடி பைட், நிரம்பும் வேகம் விநாடிக்கு 6000 பைட் என்று வைத்தால், காலியான வாளி திரும்ப நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆஹா முடிந்தது என்று நானும் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். ஓட்டிய பிறகுதான் ஓட்டை தெரிந்தது. வாளி தொடக்கத்தில் பாதிதான் நிரம்பியிருக்கும், அதை மாற்ற ஒரு தனி வரி இருக்கிறது, நான் மாற்றவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லா வாளியும் மறுபடி பாதிக்கு வந்துவிடும், முழுதும் தீர்த்தவருக்கு 250 எம்பி இலவசம், தொடாமல் வைத்திருந்தவருக்கு 250 எம்பி நஷ்டம். நள்ளிரவில் புது நாள் என்ற கணக்கே இதற்கு இல்லை, நிரம்பிக்கொண்டே இருக்கும். இடைவிடாமல் இழுப்பவர் நிறைந்த வாளியைத் தீர்த்துவிட்டு, சொட்டுவதையும் விடாமல் பிடித்தால் இருபத்து நான்கு மணி நேரத்தில் 500 இல்லை, கிட்டத்தட்ட 1000 எம்பி எடுத்திருப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'உங்களுக்கு இன்னும் எவ்வளவு மிச்சம்' என்று ஒருவருக்குச் சொல்லவும் இதில் எளிய வழி இல்லை.

நேர ஒதுக்கீட்டுக்கு ஸ்க்விட்டோடேயே ஒரு துணை நிரல் வருகிறது, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று. அது நேரத்தைத்தான் அளக்கும், பைட்டை இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்து, விளக்கம் படித்ததும் போனது.

கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம் வெளி ஏசிஎல், அதாவது வெளியே ஒரு நிரலைக் கேட்டு முடிவு செய்யும் அனுமதி விதி. ஸ்க்விட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாம் எழுதிய ஒரு சின்ன நிரலைக் கேட்கும், இந்தப் பயனரை விடலாமா என்று. நிரல் ஒரு வரி படித்து ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். நான் செய்தது இதுதான்: நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் அக்சஸ் லாகின் புது வரிகளைப் படித்து, பயனர் வாரியாகப் பைட்டுகளைக் கூட்டி எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஒரு சின்ன அட்டவணையில் எழுதும். ஸ்க்விட் கேட்கும்போது துணை நிரல் அந்த அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும். எழுபது எண்பது வரி பைத்தான், அவ்வளவே. எழுத ஒரு மாலை, சரி செய்ய இரண்டு வாரம்.

முதல் நாள் ஸ்க்விட் அப்படியே உறைந்து நின்றது. யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. துணை நிரலைத் தனியாக ஓட்டினால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, ஸ்க்விட்டுக்குள் வைத்தால் மௌனம். பைத்தான் தன் பதிலை உடனே அனுப்பாமல் பஃபரில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது, ஸ்க்விட் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. டெர்மினலில் ஓட்டும்போது வரிக்கு வரி வெளியே தள்ளும், குழாய் வழியாகப் போகும்போது தேக்கி வைக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஃப்ளஷ் என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியானது. இதற்கு அரை நாள்.

இரண்டாவது நாள் எல்லாம் ஓடியது, ஆனால் அளவு தாண்டியவர் தாண்டிய பிறகும் ஹாயாகப் போய்க்கொண்டிருந்தார். துணை நிரல் சொன்ன பதிலை ஸ்க்விட் நினைவில் வைத்துக்கொள்ளும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்கு 'விடலாம்' என்று சொன்னால் பத்து மணி வரை மறுபடி கேட்கவே கேட்காது. அதை அறுபது விநாடி ஆக்கினேன். மறுப்புக்கும் தனியாக ஒரு நேரம் இருக்கிறது, அதையும் குறையுங்கள், இல்லாவிட்டால் அளவைக் கூட்டிக் கொடுத்த பிறகும் அந்த ஆள் ஒரு மணி நேரம் வெளியே நிற்பார்.

மூன்றாவது தப்பை ஒரு சின்னப் பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான், பயிற்சிக்கு வந்திருந்தவன். "அண்ணா, நைட்டு பன்னெண்டு மணிக்கு ரீசெட் ஆகும்னு சொன்னீங்க, வேற ஏதோ நேரத்துல ஆகுது." லாகில் இருப்பது 1970 இலிருந்து எண்ணிய விநாடிகள், நான் அதை 86400 ஆல் வகுத்து நாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி வகுத்தால் கிடைப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தின் நாள். உள்ளூர் நள்ளிரவுக்கும் அதற்கும் சில மணி நேர வித்தியாசம். இவ்வளவு நேரம் வேலை பார்த்து இதில் கோட்டை விட்டேன். இதைக் கவனிக்கும் அளவுக்கு அவன் ராத்திரியில் என்ன டவுன்லோட் செய்துகொண்டிருந்தான் என்று நான் கேட்கவில்லை.

இவையெல்லாம் என் தப்புகள், சரி செய்துவிட்டேன். சரி செய்ய முடியாத ஒன்று இருக்கிறது, இதைத்தான் இந்த மதிப்பீட்டைப் படிப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே காட்டிய அந்த லாக் வரி எப்போது எழுதப்படுகிறது தெரியுமா? டனல் மூடிய பிறகு. ஒருவர் காலை பத்து மணிக்கு 4 ஜிபி ஃபைலை இழுக்கத் தொடங்கினால், அது முடிகிற வரை லாகில் ஒரு பைட்கூட ஏறாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள், இங்கே யானை போய்ச் சேர்ந்த பிறகுதான் மணியோசை. அதுவரை அட்டவணையில் அவர் சுத்தமான ஆள், பூஜ்யம். விதிகளையும் ஸ்க்விட் கோரிக்கை தொடங்கும்போது மட்டும்தான் பார்க்கும், நடுவில் வந்து வெட்டாது. 480 எம்பி தீர்த்தவர் கடைசியாக ஒரு 4 ஜிபியைத் தொடங்கினால் அந்த 4 ஜிபியும் முழுதாக வந்து சேரும், பிறகுதான் கதவு மூடும். நள்ளிரவைத் தாண்டி ஓடும் டவுன்லோட் முழுக்க அடுத்த நாள் கணக்கில் விழும், ஏனென்றால் லாகில் இருப்பது முடிந்த நேரம். காலையில் வந்தவுடனே "நான் இன்னும் ஒன்றுமே திறக்கலையே, எப்படி அளவு முடிஞ்சுது" என்று கேட்பார்கள். அவர் சொல்வதும் உண்மை, லாக் சொல்வதும் உண்மை.

ஓடிக்கொண்டிருக்கும் டனலின் நடுவே கை வைக்கக்கூடியது டிலே பூல் மட்டும்தான், வாளி பைட் போகப் போகவே குறையும், முடியும் வரை காத்திருக்காது. அதனால் கடைசியில் நான் இரண்டையும் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரு சுமாரான வாளி, ஒரே மூச்சில் 4 ஜிபி இழுத்தால் நடுவிலேயே வேகம் இறங்கிவிடும். நாள் கணக்கு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்.

கதவை மூடும் விஷயத்திலும் மனசை மாற்றிக்கொண்டேன். 'உங்கள் இன்றைய அளவு முடிந்தது, நாளை வாருங்கள்' என்று ஒரு பக்கம் அழகாக வடிவமைத்து வைத்திருந்தேன், ஸ்க்விட்டில் மறுக்கும்போது நம் பக்கத்தைக் காட்ட வசதி இருக்கிறது. யாருமே அதைப் பார்க்கவில்லை. எச்டிடிபிஎஸ் தளத்துக்கு டனல் கேட்டு மறுக்கப்பட்டால் பிரவுசர்கள் ப்ராக்ஸி அனுப்பும் பக்கத்தைக் காட்டாது, டனல் இணைப்பு தோல்வி என்று தன் சொந்தப் பிழைப் பக்கத்தைத்தான் காட்டும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் விளைவு? நெட் போய்விட்டது என்று போனுக்கு மேல் போன். ஒவ்வொருவருக்கும் 'நெட் போகல, உங்க அளவு போயிடுச்சு' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இப்போது யாரையும் நிறுத்துவதில்லை. துணை நிரல் எல்லோருக்கும் 'விடலாம்' என்றுதான் சொல்லும், அளவு தாண்டியவர் என்றால் பதிலோடு ஒரு சின்னக் குறிப்பை ஒட்டி அனுப்பும். அந்தக் குறிப்பு இருக்கும் கோரிக்கைகள் எல்லாம் மெதுவான வாளிக்குப் போகும். டிலே பூல் விதிகளில் துணை நிரலை நேராகக் கேட்க முடியாது, உடனே பதில் தெரியும் நிபந்தனைகளைத்தான் அது ஏற்கும். குறிப்பைப் பார்ப்பது உடனடி வேலை என்பதால் அது செல்லும். இந்தச் சுற்றுவழியைக் கண்டுபிடிக்க விளக்க ஏட்டை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாம் இருக்கிறது, ஆனால் தேவைப்படும் இரண்டு வரிகள் நாற்பது பக்க இடைவெளியில் இருக்கின்றன. மெதுவான வாளியில் மெயில் வரும், படிக்கும் பக்கங்கள் திறக்கும், வீடியோ ஓடாது. புகார் போன்கள் நின்றுவிட்டன. தன் மிச்ச அளவைப் பார்க்க உள் நெட்வொர்க்கில் ஒரு பக்கம் வைத்தேன், அதைப் பார்த்தே சிலர் பெரிய ஃபைல்களை அடுத்த நாளுக்குத் தள்ள ஆரம்பித்தார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு ஃபயர்வாலில் நேர்வழியைத் திறந்து வைத்திருந்தால் பயன் இல்லை. பிரவுசரில் ப்ராக்ஸியை எடுத்துவிட்டால் ஆள் சுதந்திரம். ப்ராக்ஸி சர்வரைத் தவிர வேறு யாரும் 80, 443 க்கு நேராக வெளியே போகக்கூடாது என்று அடைக்க வேண்டும், 443 இல் வழக்கமான டிசிபியோடு யுடிபி என்ற இன்னொரு வகைப் போக்குவரத்தையும் சேர்த்து. பிரவுசரில் எதுவும் அமைக்காமல் ஃபயர்வாலே டிசிபியை ப்ராக்ஸிக்குத் திருப்பிவிடும் முறையில் இது இன்னும் முக்கியம், க்விக் என்ற புது வழி யுடிபியில் போவதால் அந்தத் திருப்பலில் மாட்டவே மாட்டாது. அந்த முறையில் பெயர் பாஸ்வேர்டு கேட்கவும் முடியாது, ஐபியை வைத்துத்தான் கணக்கு, ஐபிகளைப் பிரித்துக் கொடுக்கும் டிஎச்சிபி நாளைக்கு அந்த ஐபியை வேறு ஆளுக்குக் கொடுத்தால் முந்தையவரின் பாவம் இவர் தலையில். ஆளுக்கு ஆள் அளவு வேண்டும் என்றால் பிரவுசரில் ப்ராக்ஸியை அமைத்துப் பெயர் கேட்கும் முறைதான் ஒரே வழி. அதிலும் பக்கத்து மேஜைக்காரரின் பாஸ்வேர்டை வாங்கிப் போடுவார்கள், அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

வெறும் கணக்கு மட்டும் போதும், நிறுத்த வேண்டாம் என்றால் இந்தப் பாடே வேண்டாம். சார்க் அல்லது லைட்ஸ்க்விட் போட்டால் லாகைப் படித்து யார் எவ்வளவு என்று தினசரி அறிக்கை கொடுத்துவிடும். அறிக்கையில் எந்தத் தளம் என்பதும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். நான் மேலாளருக்கு அளவை மட்டும் காட்டும் அறிக்கைதான் கொடுக்கிறேன், தளப் பட்டியலைக் கேட்டார், கொடுக்கவில்லை.

பைட் கணக்கு மட்டும்தான் குறி, எந்தத் தளம் யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை என்றால் ஸ்க்விட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நுழைவுப் பக்கம் வைத்துப் பெயர் கேட்கும் கேப்டிவ் போர்ட்டலும், பயனர் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரீரேடியஸ் சர்வரும் சேர்ந்தால், அங்கே நாள் கணக்குக்கென்றே கவுன்டர் இருக்கிறது, நெட்வொர்க் மட்டத்தில் எண்ணுவதால் எந்தச் செயலி, எந்தப் போர்ட் என்றாலும் தப்பாது, டவுன்லோட் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இடையிடையே கணக்கு வந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸிலும் கோட்டா என்று ஒன்று உண்டு, இத்தனை எம்பி தாண்டினால் இதைச் செய் என்று எழுதலாம், தினமும் பூஜ்யமாக்குவது மட்டும் நம் வேலை. மேலாளர் கேட்டது தினசரி அளவு மட்டும் என்றிருந்தால் நானும் இந்தப் பக்கம்தான் போயிருப்பேன். எங்களுக்குத் தளக் கட்டுப்பாடும், வேக வரம்பும், லாகும் வேண்டியிருந்தது, ஸ்க்விட் ஏற்கெனவே இருந்தது, அதனால் அதிலேயே கட்டினேன்.

மார்க் கேட்டால் வாசல்காவலுக்கு ஐந்துக்கு ஐந்து, கோளாறு கண்டுபிடிக்கும் வசதிக்கு ஐந்து, டிலே பூலுக்கு நான்கு, தினசரி அளவுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் வெளி ஏசிஎல் என்ற ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதற்காக. ஒரு வருடமாக ஓடுகிறது, ஸ்கிரிப்ட் இரண்டு முறை நின்றது, இரண்டும் லாக் சுழன்ற இரவில்: பழைய ஃபைலின் கடைசி வரிகளைப் படிப்பதற்குள் புது ஃபைல் வந்துவிட்டது, ஸ்கிரிப்ட் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது, அடுத்த நாள் யாருக்கும் ஒரு பைட்கூட ஏறவில்லை. அன்று மட்டும் யாருமே வந்து புகார் சொல்லவில்லை.